அவர் சாவார், நான் கதவைச் சாத்துவேன்

அன்று காலை அஜக்ஸ் நகரில் எங்கள் வீட்டு வாசலில் இருந்து கார் புறப்பட்டதிலிருந்து என் கணவர் ஒரே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

“பிளீஸ்! ஓப்பின் த டோர்!”

முதலில் கெஞ்சிப் பார்த்தார். பிறகு அதட்டிப் பார்த்தார். 401 நெடுஞ்சாலையில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு அழுது பார்த்தார். நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்த லொறிக்காரர் எங்கள் காருக்குள் எட்டிப் பார்த்தார். வயதான மனிதர் ஒருவர் இரண்டு கையையும் கூப்பி, கதவைத் திறக்கச் சொல்லி அழுகிறார். பக்கத்தில் ஒரு பெண் கல்லுப்போல இருந்து ஓட்டிக்கொண்டு போகிறாள். லொறிக்காரர் பொலிசுக்குப் போன் அடிக்காமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

“எப்பிடி இருக்கு?” என்று இவர் கேட்டார்.

“எது?”

“கடைசியாச் சொன்னது.”

“எல்லாம் ஒண்டுதானேயப்பா.”

“ஒண்டில்லை றீற்றா. முதல் சொன்னது பயம். இப்ப சொன்னது பயமும் கோபமும். நீர் கவனமாக் கேக்கேல்லை.”

“நான் றோட்டைக் கவனிக்கிறன். இல்லாட்டி வசனம் சொல்ல முதலே ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்திடுவம்.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கார்க் கண்ணாடியைக் கீழே இறக்கி, வெளியே ஓடும் காற்றுக்கு அதே வசனத்தைச் சொன்னார். கௌபோய் படங்களில் பல வருடங்களாக வாயே திறக்காமல் செத்துக்கொண்டிருந்த மனிதருக்கு முதல் தடவையாக வசனம் கிடைத்திருந்தது. காற்றோடாவது பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

சென்ற கிழமை இந்தப் பத்தியில் எங்களுடைய பேஸ்மென்ற் வாழ்க்கையைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு மார்க்கம் நகரிலிருந்து ஒரு பிள்ளை, “அன்ரி, நீங்கள் படத்திலை கதவு சாத்துறனீங்களல்லோ, அதை ஏன் இன்னும் எழுதேல்லை?” என்று கேட்டிருந்தாள். சரி, எழுதுகிறேன். ஆனால் அந்தக் காலையில் அவர் சொன்ன வசனம் என்ன ஆனது என்று சொல்வதற்கு, கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

பியானோ நின்றதும்

கௌபோய் படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு புழுதித் தெரு. இரண்டு பக்கமும் மரக் கடைகள். தெருமுனையில் வில்லன் குதிரையில் வருவான். உடனே ஊரில் என்ன நடக்கும்?

பியானோக்காரர் வாசிப்பதை நிறுத்துவார். சாராயக் கடைக்காரர் மேசைக்குக் கீழே குனிவார். பிரேதப்பெட்டி செய்கிறவர் கடை வாசலுக்கு வந்து, நிற்பவர்களின் உயரத்தைக் கண்ணாலேயே அளப்பார். வழியோடு போகும் ஒரு பாவப்பட்ட மனிதர், வில்லன் பொல்லாதவன் என்று எங்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காகவே, சும்மா சூடுபட்டுச் சாவார். ஒரு பெண் வாசலுக்கு வந்து, பார்த்து, கதவை அடித்துச் சாத்துவாள்.

அந்தப் பாவப்பட்ட மனிதர் என் கணவர் சவரிமுத்து. அந்தப் பெண் நான்.

படத்தின் பெயர் மாறும். வில்லனின் தாடி மாறும். எங்கள் வேலை மாறாது. படக்காரருக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஒருவர் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டால், ஆயுளுக்கும் அதையே கொடுப்பார்கள். இதில் எனக்குப் புதுமை ஒன்றும் இல்லை. கனடாவுக்கு வந்த புதிதில் பிஸ்கற் ஃபக்டரியில், எனக்குப் பெட்டி மடிக்கத் தெரியும் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்த ஃபக்டரி மூடும்வரை பெட்டிதான் மடித்தேன்.

கௌபோய் ஊரில் மன்னார்க்காரரான எங்களுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். கேற் என்ற அந்த இயக்குநர்ப் பிள்ளை சொன்னாள், அந்தக் காலத்திலும் எல்லாத் தேசத்து ஆட்களும் அங்கே இருந்தார்களாம், படம் எடுத்தவர்கள்தான் காட்டவில்லையாம். எப்படியும் என் தலையில் வாளி கவிழ்த்ததுபோல ஒரு துணித் தொப்பி. இவருடைய முகம் எப்போதும் புழுதிக்குள். நாங்கள் மன்னாரா மெக்சிக்கோவா என்று கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

ஒரு குறட்டையும் ஒரு குளிர்காற்றும்

உண்மையில் நடிக்கப் போனது நானில்லை. இவர்தான்.

ஊரில் இவர் கூத்தில் இராசா வேசம் கட்டியவர். இராசா வேசத்துக்கு வேண்டிய மீசையும் குரலும் இருந்தன. குரல் என்றால் சாதாரணக் குரல் இல்லை. எங்கள் அஜக்ஸ் வீட்டில் குளியலறையில் இவர் பாடினால், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் புல்வெட்டும் மெசினை நிறுத்திவிட்டு, அது பழுதாகிவிட்டதா என்று பார்ப்பார்.

கோயிலில் ஒருவர் வந்து, படத்துக்கு வயதான முகங்கள் தேடுகிறார்கள் என்று சொன்னதும் இவரைப் பிடிக்க முடியவில்லை. பாண் பேக்கரியில் இரவு வேலை முடித்துவிட்டு, நித்திரைகூடக் கொள்ளாமல் ஸ்காபரோவில் ஒரு களஞ்சியக் கட்டடத்துக்குப் போய் நின்றார். ஓட்டிக்கொண்டு போனது நான். நித்திரைக் கண்ணோடு அவரிடம் காரைக் கொடுக்க எனக்கு என்ன விசரா?

உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். இவர் இராசாவின் வரவுப் பாட்டை எடுத்துவிட்டார். காலை உதைத்து, கையை வீசி, ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மேசையில் இருந்த கோப்பிக் கோப்பைகளை மூன்று பேரும் கையால் பிடித்துக்கொண்டார்கள். கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

“வெரி லவுட்” என்றாள் ஒருத்தி. பிறகு, செத்தவர்போலக் கீழே கிடக்கமுடியுமா என்று கேட்டாள்.

இவர் கிடந்தார். அவர்கள் காத்திருந்தார்கள். கைதட்டிப் பார்த்தார்கள். ஒரு கதிரையைத் தள்ளி விழுத்தினார்கள். இவர் அசையவில்லை. மூன்று பேரும் எழுந்து நின்று பாராட்டினார்கள். மூக்கிலிருந்து வரும் மெல்லிய விசில் சத்தம் என் காதுக்கு மட்டும் விளங்கியது. மனிதர் அயர்ந்து நித்திரை.

அதே நேரம் யாரோ விளக்குச் சாமான் ஏற்றுவதற்காகத் தெருக்கதவைத் திறந்து, அதற்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். வெளியே கொட்டுகிற குளிர். காற்று நேராக வந்து என் முழங்காலில் அடித்தது. நான் போய் அந்தக் கல்லைக் காலால் தள்ளினேன்.

“யாரப்பா இது! ஹீற்றிங் முழுக்க றோட்டுக்குப் போகுது!” என்று சொல்லிக் கதவை அடித்துச் சாத்தினேன்.

உள்ளே இருந்து கேற் ஓடிவந்தாள். எனக்குப் பேச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். அவள் கதவைத் திறந்துவிட்டு, மறுபடியும் சாத்தும்படி கையைக் காட்டினாள். சாத்தினேன். திரும்பவும் திறந்தாள். இந்தப் பிள்ளைக்கு ஏதோ சுகமில்லை என்று பயந்துகொண்டு திரும்பவும் சாத்தினேன். மூன்றாம் தரமும் திறந்தாளே! எனக்கு வந்த கோபத்தில் அடித்துச் சாத்திய வேகத்துக்குச் சுவரில் இருந்த பலகை ஒன்று கீழே விழுந்தது.

“அதுதான்! அதேதான்!” என்று கேற் கத்தினாள்.

இராசாவாகப் போனவர் பிரேதமாகத் திரும்பி வந்தார். கார் ஓட்டப் போனவள் நடிகையாகத் திரும்பி வந்தேன்.

சோளத்துக்கு நடுவே ஒரு பட்டணம்

பக்கத்து நகரமான விட்பியிலிருந்து வடக்கே போனால், புது வீடுகள் முடிகிற இடத்தில் தோட்டங்கள் தொடங்கும். அங்கே ஒரு சோளத் தோட்டத்துக்கு நடுவில்தான் எங்கள் பட்டணம். முன்சுவர் மட்டும்தான் உண்டு. வங்கி, சாராயக் கடை, பொலிஸ் நிலையம் எல்லாவற்றுக்கும் முகம் இருக்கும், முதுகு இருக்காது. நான் பயந்து நடுங்கிக் கதவைச் சாத்தினால், மறுபக்கத்தில் வீடு இல்லை. சோளத்துக்குள் நிற்பேன். எனக்கு முன்னால் நீல நிறத்தில் பிளாஸ்ரிக் கக்கூசுகள் வரிசையாக நிற்கும். வெளியே துவக்கு வெடிக்கிற சத்தம் கேட்கும்போது நான் அதற்குள் போய்விட்டு வந்த நாட்களும் உண்டு.

வில்லனாக வருகிற பையன் தங்கமானவன். ஒவ்வொரு தடவையும் இவரைச் சுட்டுவிட்டு ஓடிவந்து, “சொறி சேர், நொந்ததா?” என்று கேட்பான். சத்தம் மட்டும் போடுகிற துவக்குத்தான். ஆனாலும் கேட்பான்.

பிரேதப்பெட்டிக்காரராக வருகிறவர் ஸ்ரான். முந்தி பஸ் ஓட்டியவர். பனைமரம்போல உயரம், சிரிக்கத் தெரியாத முகம். மனிதர் வாயைத் திறந்தால் பகிடிதான். ஆனால் அந்த முகத்துக்குக் கடவுள் கொடுத்த வேலை பெட்டி செய்வது. ஒவ்வொரு படத்திலும் இவரை நாடாவால் அளப்பார். ஒருநாள் அளந்துவிட்டு, “சவரி, போன படத்தைவிட ஒரு அங்குலம் குறைஞ்சிட்டாய். அடுத்த முறை பிள்ளைகளின் பெட்டி போதும்” என்றார். செத்துக்கிடந்த இவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வளவு ஒழுங்காகச் சாவார்.

நான் சொல்வது பகிடிக்கில்லை. இவர் தெருவில் செத்தார். மாட்டுத் தொட்டிக்குள் விழுந்து செத்தார். கூரையிலிருந்து வைக்கோலுக்குள் விழுந்து செத்தார். ஒரு படத்தில் தலைமயிர் வெட்டிக்கொண்டிருந்தபடியே, பாதித் தலையோடு செத்தார். அது நிசமாகவே பாதி வெட்டியிருந்தது. அடுத்த ஞாயிறு பூசைக்குத் தொப்பியோடு வந்தார்.

மன்னாரிலிருந்து ஒரு தொலைபேசி

அந்தப் படங்களில் ஒரு துண்டை யாரோ வட்சப்பில் சுற்றவிட்டார்கள். இவர் தெருவில் வாயைப் பிளந்து கிடக்கிற துண்டு. கதை, பெயர், ஒன்றும் இல்லை. அது எங்கெங்கோ சுற்றி மன்னாரில் இவருடைய அக்காவின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவ அழுதுகொண்டு எங்களுக்குப் போன் எடுத்தா. போனைத் தூக்கியது இவர்.

“ஐயோ, என்ரை தம்பியைச் சுட்டுப்போட்டாங்களே!”

“அக்கா, நான்தான் கதைக்கிறன்.”

“நீ ஆர்?”

“தம்பி. சவரிமுத்து.”

“அப்ப றோட்டிலை கிடக்கிறது ஆர்?”

“அதுவும் நான்தான் அக்கா.”

பிறகு அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டா, “கனடாவிலை இருந்து என்னடா பிரயோசனம்? சாகேக்கை போட ஒரு நல்ல சேட் இல்லையோ? றீற்றா என்ன செய்யிறாள்?”

நான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்றேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாத்துவதில் வகை

கதவைச் சாத்துவது சுலபம் என்று நினைக்காதீர்கள். பயந்து சாத்துவது ஒன்று. அதில் கடைசி இடுக்கில் ஒரு கண் தெரியவேண்டும். வெறுத்துச் சாத்துவது இன்னொன்று. அதற்குக் கண் தேவையில்லை, தோள் போதும். பிள்ளையை இழுத்துக்கொண்டு சாத்துவதுதான் மிகக் கடினம். வாடகைக்கு வந்த பிள்ளைகள் இழுத்த பக்கம் வரமாட்டார்கள்.

இதெல்லாம் எங்கே படித்தாய் என்று கேற் ஒருமுறை கேட்டாள். ஹீற்றிங் காசில் படித்தது என்று சிரித்துச் சமாளித்தேன்.

எல்லாம் ஹீற்றிங் காசில் படித்ததில்லை. எங்கள் ஊரில் ஒரு காலம் இருந்தது. தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டால், எந்த ஜீப், யாருடையது என்று பார்க்கமாட்டோம். சமைத்துக்கொண்டிருந்தால் அகப்பையோடு ஓடிவந்து சாத்துவோம். சத்தம் கேட்காமல் சாத்தவேண்டும், கொண்டியும் கிறீச்சிடக்கூடாது. படத்தில் அடித்துச் சாத்துகிறேனே, அது எனக்குப் பெரிய சந்தோசம். இந்த நாட்டுக்கு வந்துதான் நான் சத்தமாகக் கதவு சாத்தத் தொடங்கினேன்.

அதை கேற்றுக்கு இங்கிலீசில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சோளத்துக்குள் நின்று கொஞ்சம் யோசித்துவிட்டு வந்துவிட்டேன்.

முழங்கால்

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

இவருடைய முழங்கால் பழுதாகியிருந்தது. இவ்வளவு தரம் விழுந்தால் ஆகாதா? எங்கள் மகள் மெலனி விட்பியில் இருக்கிறாள். தகப்பன் படியில் பக்கவாட்டாக நண்டுபோல இறங்குவதை ஒருநாள் பார்த்துவிட்டாள்.

“அப்பா, எனஃப்! நீங்கள் இனி விழக்கூடாது. ஐ ஆம் சீரியஸ். திஸ் இஸ் த லாஸ்ற் வன், ஓகே?”

“கடைசியா ஒண்டு செத்திட்டு நிப்பாட்டுறன் பிள்ளை” என்றார் இவர்.

மூன்றாம் நாள், கேற்றிடம் தானே போய்க் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த இங்கிலீசில், “மெனி ரைம் ஐ டை. வன் ரைம், பிஃபோர் டை, ஐ ரோக்?” என்றார். சாக முதல் ஒருதரம் கதைக்கட்டுமா என்பதுதான் கேள்வி.

கேற் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள். புதுப் படத்தில் ஒரு இடம் இருந்தது. காயம்பட்ட விவசாயி, கமக்காரர் ஒருவர், ஓடிவந்து கதவைத் தட்டுகிறார். உள்ளே இருக்கும் பெண் திறக்கவில்லை, கொண்டியைப் போட்டுவிடுகிறாள். அவர் வாசலிலேயே சூடுபட்டுச் சாகிறார். அதற்காக இந்த முறை ஓர் அறையையே கட்டியிருந்தார்கள். கமரா உள்ளே என்னோடு நிற்கும். கமக்காரருக்கு ஒரு வசனம் வைக்கலாம் என்றாள். ஆனால் சரிவராவிட்டால் அந்த வசனத்தை வெட்டி எடுத்துவிடுவாளாம்.

“எடுக்க மாட்டா” என்று இவர் என்னிடம் சொன்னார். அதன் பிறகு வீட்டில் எந்தக் கதவையும் என்னால் நிம்மதியாகத் திறக்க முடியவில்லை.

கூத்தும் பிரேதமும்

அன்று 401இல் அழுதுகொண்டு போய் இறங்கியதும் ஒத்திகை தொடங்கியது. இவர் ஓடிவந்து, ஒரு கையை நெஞ்சில் வைத்து, மறு கையை வானத்துக்கு உயர்த்தி, “பிளீ...ஸ்!” என்று இழுத்தார். தூரத்தில் கட்டியிருந்த குதிரை ஒன்று துள்ளியது.

கொஞ்சம் சின்னனாக, என்றாள் கேற்.

இவர் கையை இறக்கினார். குரல் இறங்கவில்லை.

இன்னும் சின்னனாக.

குரலும் இறங்கியது. இன்னும் சின்னனாக என்றாள். இப்படிச் சின்னனாகிச் சின்னனாகி, கடைசியில் இவருடைய உதடு மட்டும் அசைந்தது. ஒலி எடுக்கிற பையன் காதுக்கருவியைக் கழற்றித் தட்டிப் பார்த்தான். கேற் நெற்றியைத் தேய்த்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு பார்ப்போம் என்றாள். அவள் சொன்ன விதத்தில் எனக்கு விளங்கிவிட்டது. வசனம் போகப்போகிறது.

சாப்பாட்டு நேரம் இவரைக் காணவில்லை. ஸ்ரான் ஒரு பிரேதப்பெட்டியின் மேல் இருந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டு, கட்டைவிரலால் பின்பக்கம் காட்டினார். வங்கியின் முதுகுப்பக்கம், மரச்சட்டம் முட்டுக்கொடுத்த இடத்தில், வெட்டிய சோளத் தாள்களைப் பார்த்துக்கொண்டு இவர் இருந்தார். நான் கொண்டுபோன புட்டையும் மீன் குழம்பையும் திறந்து முன்னால் வைத்தேன்.

“பசிக்கேல்லை” என்றார்.

“சூரை மீன்.”

“வேண்டாம் றீற்றா.”

சூரை மீனை வேண்டாம் என்று சொன்னால் விசயம் பெரிசு. நானும் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பெரிய பாவாடையோடு நிலத்தில் இருப்பது லேசான வேலையில்லை.

“நான் வாயைத் திறந்தால் கூத்து” என்றார். “மூடினால் பிரேதம். நடுவிலை ஒண்டும் எனக்கு வராது போலை.”

“ஏன் வராது? நீங்கள் வீட்டிலை கதைக்கிறேல்லையே?”

“அது நடிப்போ?”

“நீங்கள் அந்தக் கமராவுக்குச் சொல்லுறீங்கள். கமரா என்ன கதவைத் திறக்கப்போகுதோ? கொண்டி என்ரை கையிலை. எனக்குச் சொல்லுங்கோ. வீட்டுப் பூட்டின்ரை திறப்பை மறந்திட்டு வந்து குளிருக்குள்ளை நிண்டு தட்டுவீங்களே, அப்பிடிச் சொல்லுங்கோ.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு புட்டைப் பார்த்தார். ஒரு பிடி குழைத்து வாயில் வைத்தார்.

“உப்புக் கொஞ்சம் குறைவு” என்றார். எனக்கு உயிர் வந்தது.

ரேக்

அறைக்குள் நானும், கமராக்காரரும், மூலையில் கேற்றும். சுவர்ப் பலகைக்குப் புது மர வாசம். ஒரு மேசை, ஒரு விளக்கு. நான் கதவில் சாய்ந்து நிற்கவேண்டும். தட்டும் சத்தம் கேட்டதும் கொண்டியைப் போடவேண்டும். கண்ணை மூடவேண்டும். வெளியே வெடி கேட்கும். அவ்வளவுதான்.

“அக்சன்!”

குதிரைகள் வந்தன. துவக்குச் சத்தம், பட்டாசு மணம். தடதடவென்று ஓடிவரும் கால். ஒரு கால் இழுபடுகிற சத்தம். அது நடிப்பில்லை, அந்த முழங்கால்தான். பிறகு கதவில் இரண்டு கையாலும் அடித்தார். பலகை என் முதுகில் அதிர்ந்தது.

“எடியே றீற்றா! கதவைத் திறவடியப்பா! என்னைச் சாக்கொல்லப் போறாங்கள்!”

கலியாணம் கட்டிய நாளிலிருந்து நாலு பேர் நடுவில் என்னை “எடி” என்று கூப்பிடாத மனிதர். அந்தக் குரலில் கூத்தில்லை. இங்கிலீசும் இல்லை. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. கை தானாகக் கொண்டியை இழுத்தது. திறந்துவிட்டேன்.

வாசலில் இவர் நின்றார். வெயில் பின்னால். முகத்தில் புழுதி, மீசையில் வியர்வை. நான் திறப்பேன் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் என் தோளைப் பிடித்தார். அந்தக் கணம் பின்னால் வெடித்தது. சேட்டில் இரத்தப் பை உடைந்து சிவந்தது. என் காலடியில் சரிந்தார்.

தெருவில் வில்லன் பையன் குதிரைமேல் இருந்தபடி என்னையும் பார்த்தான், துவக்கையும் பார்த்தான். சாத்திய கதவுக்கு முன்னால் ஒருவரைச் சுடுவதுதான் அவனுக்குச் சொன்ன வேலை. திறந்த கதவுக்குள் இன்னொருவர் நின்றால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. முகத்தைச் சுளித்து, மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, என்னையும் சுட்டான்.

நான் நின்றேன். எனக்குச் சாகத் தெரியாது. கதவு சாத்தத்தான் தெரியும்.

“நீரும் விழும்” என்று கீழேயிருந்து செத்தவர் முணுமுணுத்தார்.

“எங்கை?” என்று நானும் உதடு அசையாமல் கேட்டேன்.

“என்ரை பக்கமா. மெதுவா. முழங்காலைப் பார்த்து.”

தொப்பியும் பாவாடையுமாக நான் அவருக்குப் பக்கத்தில் போய் விழுந்தேன். விழுந்தேன் என்று சொல்வதைவிடப் படுத்தேன் என்று சொல்லலாம்.

“மூச்சை அடக்காதையும்” என்றார். “சின்னதா விடும். வயித்தாலை விடாதையும், கமராவுக்குத் தெரியும்.”

கட் என்று யாரும் சொல்லவில்லை. கமரா எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. தெருப்பக்கம் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஸ்ரான்தான். அவருக்கும் அந்த இடத்தில் வேலையில்லை. வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். நாடாவை எடுத்தார். பிறகு அளக்காமல் அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றினார்.

“கட்” என்றாள் கேற், மெல்லிய குரலில்.

அவள் வந்து எங்களுக்குப் பக்கத்தில் குந்தினாள். இவர் கண்ணைத் திறக்கவில்லை. இவருடைய பழக்கம் அது, சொன்னால்தான் எழும்புவார். அவர் என்ன சொன்னார் என்று கேற் என்னிடம் கேட்டாள்.

“கதவைத் திறக்கச் சொன்னார்” என்று இங்கிலீசில் சொன்னேன். “சாகப்போகிறாராம்.”

“அப்படியென்றால் அது எங்கள் வசனம்தானே?”

“அதே வசனம்தான்” என்றேன். “எடி” என்றதை மொழிபெயர்க்க நான் போகவில்லை.

கேற் எழும்பிச் சிரித்தாள். இன்னொரு தரம் எடுக்கவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டாள். படத்தில் அந்த இடம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. கீழே ஓடுகிற எழுத்தில் மட்டும், “வேற்று மொழியில் கத்துகிறார்” என்று போட்டிருக்கிறார்கள். மெலனி வீட்டில் பார்த்தபோது இவர் அதை நிறுத்தி நிறுத்தி எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். ஏதோ பட்டம் கொடுத்ததுபோல.

ஆனால் அது பிறகு. அன்றைக்கு நாங்கள் எழும்பப் போனபோது, ஒலிபெருக்கியில் கட்டளை சொல்கிறவர் ஓடிவந்து கையைக் காட்டித் தடுத்தார். அடுத்த காட்சியில் வில்லனின் ஆட்கள் இந்த வாசலைத் தாண்டிப் போகவேண்டும். பிரேதங்கள் கிடந்தபடியே கிடக்கவேண்டுமாம்.

ஆகவே கிடந்தோம். வெயில் வாசலால் வந்து எங்கள் கால்களில் விழுந்தது. இத்தனை படத்திலும் அவர் வெளியே, நான் உள்ளே. இருவரும் ஒரே இடத்தில் கிடப்பது இதுதான் முதல் தடவை.

“றீற்றா” என்றார்.

“ம்.”

“எப்பிடி இருந்தது?”

“என்னது?”

“என்ரை வசனம்.”

“நல்லாயிருந்தது” என்றேன். “ஆனா ‘எடியே’ எண்டதுக்கு வீட்டை போய்க் கதைக்கிறன்.”

“டெட் பீப்பிள்!” என்று ஒலிபெருக்கி அதட்டியது. “நோ ரோக்கிங், பிளீஸ்!”

நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பிறகு பக்கத்தில் ஏதோ அதிர்ந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். சாவதில் இவ்வளவு பேர் எடுத்த மனிதர், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் கிடந்தார். இரத்தச் சேட்டுக்குக் கீழே அவருடைய வயிறு குலுங்கியது. என்னுடையதும்தான்.